கணிய அளவையியல்: ஒரு தொழிற்றுறையின் தோற்றமும் அதன் சமூகப் பின்னணியும்

தான் 'குவான்ரிற்றி சேவையிங்' கற்பதாக ஒரு மாணவன் ஊரிலே சொன்னால், "அப்ப காணி அளக்கிற படிப்போ?" என்னும் வினாவே பெரும்பாலும் மறுமொழியாகக் கிடைக்கின்றது. வினவுவோரைக் குறைகூற இடமில்லை. இத்துறையினரை உள்ளடக்கிய தொழிற்கழகம் 1868ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே தொடங்கப்பட்டபோது, அதனைத் தொடங்கியோருட் பெரும்பாலோர் காணிகளை அளந்தும் மதிப்பிட்டும் வந்தவர்களே. கட்டடத்தை அளப்பவர் அவர்களிடையே ஒரு சிறு பிரிவினராய் இருந்தனர். ஆகவே காணியளப்போரையும் கட்டடமளப்போரையும் ஒன்றாகக் கருதும் மயக்கம் நமது கிராமங்களுக்கு மாத்திரம் உரியதன்று.

கணிய அளவையியல் என்பது யாது? கட்டப்படவிருக்கும் கட்டடம் ஒன்றின் வரைபடங்களைக் கொண்டு, அதற்கு எத்துணை மண் அகழப்படல் வேண்டும், எத்துணைச் சுவர் எழுப்பப்படல் வேண்டும், எத்துணைக் கூரை வேயப்படல் வேண்டும் என்பவற்றை ஒன்றும் விடாது அளந்து பட்டியலிடுதலும், அப்பட்டியலின் அடிப்படையிற் கேள்விப்பத்திரம் கோருதலும், வேலை நடைபெறும்போது செய்து முடிக்கப்பட்டதை மதிப்பிட்டுக் கொடுப்பனவுக்கு விதந்துரைத்தலும், இறுதிக் கணக்கைத் தீர்த்தலும் இத்துறையின் பிரதான பணிகள். இவ்வாறு வரையறுக்கும்போது இஃது எண்கணிதத்தின் ஒரு கிளைபோலத் தோன்றும். மாணவர்களும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணிக்கொண்டு இதனுட் புகுகின்றனர். ஆயின் இத்துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறொரு தோற்றம் புலனாகும். இதனைப் பிறப்பித்தது கணிதம் அன்று, வழக்கு. பணங்கொடுப்பவனுக்கும் கைவேலை செய்பவனுக்கும் இடையே நின்று அளவுகோலைப் பிடிப்பவன் எவனுடைய ஆள், அவன் பிழைவிட்டால் அப்பிழையைச் சுமப்பவர் யார் என்னும் இரு வினாக்களைச் சுற்றியே இத்தொழில் வளர்ந்து வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வளர்ச்சியின் சில கட்டங்களை, அது முதன்முதல் உருப்பெற்ற இங்கிலாந்தை மையமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

கட்டடத்தை அளக்கும் கலை இங்கிலாந்திற் பழமையானதே. லியனாட் டிக்ஸ் என்பார் 1556இல் வெளியிட்ட 'ரெக்ரோனிக்கன்' என்னும் நூல் நிலம், மரம், கல் முதலியவற்றை அளக்கும் முறையைத் தச்சருக்கும் கற்றொழிலாளருக்கும் விளங்கும் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தது. எனினும் அளவையாளன் என்பான் ஒருவன் தனியே தோன்றுவதற்கு ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. 1666ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தின் தொடக்கத்தில் இலண்டனில் மூண்ட பெருந்தீ நான்கு நாட்களிலே 13,200 வரையான வீடுகளையும் 87 கோவிற்பற்றுத் தேவாலயங்களையும் அழித்தது. அடுத்த ஆண்டு நிறைவேற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், வீடுகளை நால்வகைப்படுத்தி, வெளிச்சுவர்கள் செங்கல்லினாலோ கருங்கல்லினாலோ அமைதல் வேண்டுமென விதித்ததோடு, ஒவ்வொரு வகைக்கும் சுவரின் பருமன் எத்தனை செங்கல் என்பதையும் குறித்தது. அதுகாறும் நகரத் தொழிற்குழுக்களின் உரிமையாயிருந்த வேலைகளை வெளியூர்க் கைவினைஞரும் செய்வதற்கு அச்சட்டம் இடமளித்தது. ஒரு நகரம் முழுவதும் ஏககாலத்தில் எழுகின்றது. கட்டுவிப்பவன் கட்டுபவனை முன்பின் அறியான். பரம்பரைப் பழக்கத்தால் நிலைபெற்றிருந்த நம்பிக்கை அற்றுப்போயிற்று. அந்நிலையில், நம்பிக்கை நின்ற இடத்தில் அளவுகோல் வந்து நின்றது. ஸ்ரீபன் பிறிமற் என்பார் கட்டடஞ் செய்விப்போருக்கும் கட்டுவோருக்குமாக எழுதிய கையேடு ஒன்று தீக்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1667இல், வெளிவந்தமை தற்செயலான நிகழ்ச்சியன்று.

அக்காலத்துக் கொடுப்பனவு முறைகளைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் சேர் கிறிஸ்தோபர் றென் ஆவார். ஒக்ஸ்போட்டிலே கோபுரமொன்று கட்டுவது தொடர்பாக 1681இல் அவர் எழுதிய கடிதமொன்றில், வேலை செய்விக்க மூன்று வழிகள் உண்டென்கிறார்: நாட்கூலிக்குச் செய்வித்தல், அளவுக்குச் செய்வித்தல், மொத்தமாகப் பேசிச் செய்வித்தல் என்பன அவை. நாட்கூலியிற் சோம்பலுக்கு இடமுண்டு. மொத்தமாகப் பேசினால், தன் ஆதாயத்தைக் கணக்கிட வல்லவன் பிழைத்துக்கொள்வான். வல்லமையற்றவன் நட்டப்படுவான், அல்லது வேலையைக் கெடுப்பான். அளந்து கொடுத்தலே றென் விரும்பிய வழி. அதிலே வேலையின் ஒவ்வொரு கூறும் வெளிச்சத்திற்கு வருகின்றது என்பது அவர் கருத்து. அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கிலாந்தின் நல்ல கட்டடங்கள் பெரும்பாலும் அம்முறையிலேயே எழுந்தன.

அம்முறை நடைமுறையில் எவ்வாறிருந்தது என்பது சற்று விரிவாக நோக்குதற்குரியது. அக்காலத்தில் 'ஒப்பந்தகாரர்' என ஒருவர் இல்லை. செங்கல் மேசன், கல் மேசன், தச்சன், சாந்து பூசுவோன், ஈய வேலை செய்வோன், கண்ணாடி பொருத்துவோன் என ஒவ்வொரு கைவினைத் தலைவனும் கட்டுவிப்பவரோடு தனித்தனியே இணக்கம் செய்துகொண்டான். விலை அலகுக்கு இவ்வளவு எனப் பேசப்பட்டது. வேலை முடிந்த பின்னர், அல்லது ஒரு கட்டம் முடிந்த பின்னர், கைவினைஞனின் சார்பில் ஓர் அளவையாளனும் சொந்தக்காரரின் சார்பில் இன்னோர் அளவையாளனும் வந்து கோல்பிடித்து அளந்தனர்.

செங்கற் சுவருக்குரிய அலகு 'றொட்' எனப்பட்டது. பதினாறரை அடி நீளமான கோல் ஒன்றின் சதுரமே அது; 272¼ சதுர அடி. நடைமுறையிற் காலை விட்டு 272 எனக் கொண்டனர். சுவரின் பருமன் ஒன்றரைச் செங்கல் எனக் கொள்ளப்பட்டது. வேறு பருமனான சுவர்கள் அப்பருமனுக்குச் 'சுருக்கப்பட்டன'. உதாரணமாக, 34 அடி நீளமும் 12 அடி உயரமும் இரண்டு செங்கற் பருமனும் உள்ள சுவரின் முகப்பரப்பு 408 சதுர அடி. அதனை நான்கு மடங்காக்கி மூன்றால் வகுக்க 544 வரும். அது சரியாக இரண்டு றொட். ஒரு றொட்டுக்கு ஏறக்குறைய 4,500 செங்கற்கள் என்பது வாய்பாடு. கூரையும் பலகைத் தளமும் நூறு சதுர அடியாலான 'சதுரத்தால்' அளக்கப்பட்டன. அகழ்வு கனயாரில் அளக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமற் செல்ல முடியவில்லை. மேற்கூறிய 272¼ சதுர அடி, இலங்கையிற் காணி உறுதிகளில் நாள்தோறும் எழுதப்படும் 'பேர்ச்' என்பதன்றி வேறில்லை. யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்று பத்துப் பேர்ச் ஆகும். ஒரே கோல் இங்கிலாந்திற் சுவரையும் நிலத்தையும் அளந்தது. இங்கு வந்தபோது நிலத்தில் நிலைத்து நின்றது.

அளவுமுறையிலே வழமைகளும் சலுகைகளும் நிறைந்திருந்தன. புகைபோக்கிச் சுவரை அளக்கும்போது உள்ளே புகை செல்லும் வெளியைக் கழிப்பதில்லை. வெற்றிடமும் செங்கல்லாகவே எண்ணப்பட்டது. அந்த ஒடுங்கிய வழியை உட்புறம் பூசி ஒழுங்காக்கும் தொல்லைக்கு ஈடாக அச்சலுகை வழங்கப்பட்டது என்பர். நேர்மையான ஈடுதான், ஆனால் அதனை அறியாத சொந்தக்காரருக்கு அது பகற்கொள்ளையாகத் தோன்றியிருக்கும். மேலும், அளவையாளனுக்குரிய கூலி பெரும்பாலும் அளக்கப்பட்ட பெறுமதியின் நூற்றுவீதமாக இருந்தது. அளவு கூடினால் அளப்பவன் கூலியும் கூடும். அளப்பவர் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு. அளவுக்கு மீறி ஒத்துப்போனால் ஐயம்! றென் விரும்பிய வெளிச்சம் இவ்வாறு மெல்ல மெல்லப் புகைபடிந்து போயிற்று.

முறையை மாற்றியவை போரும் முதலும் ஆகும். 1793இற் பிரான்சுடன் தொடங்கிய போரின்போது படைமுகாம்களை விரைந்து கட்டவேண்டிய தேவை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. பெருந்தொகைப் பணம் ஒழுங்கான கணக்கின்றிச் செலவாயிற்று. 1806ஆம் ஆண்டளவிலிருந்து வெளிவந்த படைத்துறை விசாரணை ஆணையாளரின் அறிக்கைகள் இச்சீர்கேடுகளைப் பகிரங்கப்படுத்தின. வேலை முடிந்து ஆண்டுகள் சென்றும் அது எவ்வளவு செலவாயிற்று என்பது தெரியாத நிலை இனிச் சகிக்கத்தக்கதன்று என்னும் எண்ணம் வலுப்பெற்றது. வேலை தொடங்குமுன்னரே முழுத்தொகையும் தெரிதல் வேண்டும். அத்தொகை போட்டியினால் நிர்ணயிக்கப்படுதல் வேண்டும். றென் ஐயுற்று ஒதுக்கிய மூன்றாவது வழி, அரசாங்கத்தின் விருப்பத்துக்குரிய வழியாயிற்று.

அத்தொகையைச் சொல்ல வல்ல ஒருவரும் அதே காலத்திலேயே தோன்றினர். தச்சராக வாழ்க்கையைத் தொடங்கிய தோமஸ் கியூபிற் (1788–1855), 1815ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் எல்லாக் கைவினைகளையும் தம் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவந்தார். மேசனும் தச்சனும் அவருடைய நிரந்தரச் சம்பளகாரர் ஆயினர். கைவினைத் தலைவர்களின் வரிசை மறைந்து, ஒரு முதலாளியும் பல தொழிலாளரும் என்ற அமைப்புத் தோன்றியது. நெசவாலையில் நிகழ்ந்தது கட்டடத் தளத்திலும் நிகழ்ந்தது எனச் சொல்வது ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில் கட்டடத் தொழிலில் மாறியது கருவி அன்று. மேசனின் கரண்டி பழைய கரண்டியே. மாறியது ஒப்பந்தம்.

இதுவே அளவையாளனின் வாழ்விற் பெருந்திருப்பம். முன்னர் அவன் எழுந்து நிற்கும் சுவரை அளந்தான். இப்பொழுது இன்னும் எழாத சுவரை அளக்க வேண்டியவனானான். கோலை வைத்துவிட்டுக் கடதாசியை எடுத்தான். போட்டியில் ஆறு கட்டுநர்கள் கலந்துகொண்டால் அறுவரும் ஒரே வரைபடத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும். வேலை ஒருவருக்கே கிடைக்கும். ஐவரின் உழைப்பு வீண். எனவே கட்டுநர்கள் ஒன்றுகூடித் தமக்குப் பொதுவாக ஓர் அளவையாளரை நியமிக்கும் வழக்கம் உண்டாயிற்று. தம் நலத்தைக் காக்க, கட்டுவிப்பவர் சார்பிலான கட்டடக்கலைஞரும் ஒருவரை நியமித்து இருவரும் சேர்ந்து அளக்கச் செய்ததும் உண்டு. காலப்போக்கில் ஒருவரே போதும் என்றாகி, அந்நியமனம் கட்டடக்கலைஞர் கைக்கு மாறிற்று. கூலியோ கட்டுநர் பக்கத்திலேயே நின்றது: கணியப் பட்டியலின் அடியில் அளவையாளரின் கூலி ஒரு தொகையாகச் சேர்க்கப்படும், வேலையைப் பெற்ற கட்டுநர் தமக்கு வரும் முதற் கொடுப்பனவிலிருந்து அதனைச் செலுத்துவார். நியமிப்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர், இறுதியிற் சுமப்பவர் மூன்றாமவர். இந்த விசித்திரமான ஏற்பாடு நெடுங்காலம் நிலவியது.

வரைபடத்திலிருந்து பட்டியல் உருவாகும் வழியும் இக்காலத்திலேயே ஒழுங்கு பெற்றது. வரைபடத்தைப் பார்த்து நீளம், அகலம், உயரங்களைக் கோடிட்ட தாளிலே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுபவர் ஒருவர். அவரே துறையில் மூத்தவர். காணாத கட்டடத்தை மனக்கண்ணாற் காண வல்லவர். அவர் எழுதியவற்றைப் பெருக்கி, ஒரே வகையானவற்றை அகன்ற தாள்களில் ஒருங்குசேர்த்து, இறுதிப் பட்டியலாக்குவோர் இளையவர்கள். ஓர் எண்ணை இடம்மாற்றி எழுதியதும் பழைய இடத்தில் அதனைக் கோடிட்டு வெட்டுவர். எதுவும் விடுபடவில்லை, இருமுறை வரவுமில்லை என்பதற்கு அக்கோடே சான்று. அடியும் அங்குலமும் கொண்ட அளவுகளைப் பன்னிரண்டின் பின்னங்களில் மனத்தாற் பெருக்கும் திறமை அவ்விளைஞரிடம் எதிர்பார்க்கப்பட்டது. பதின்மப் பெருக்கத்திலும் கணிப்பானிலும் பழகிய நமக்கு அது தண்டனையாகவே தோன்றும்.

இத்துறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் கட்டடம் வெஸ்மின்ஸ்ரர் பாராளுமன்றம் ஆகும். 1834ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் நாள் பழைய பாராளுமன்றம் எரிந்தது. எரித்தவை திறைசேரியின் பழைய கணக்குக் குச்சிகள். மரக்குச்சியில் வெட்டுக்களிட்டு அதனை நீளவாக்கிற் பிளந்து, கொடுத்தவன் ஒரு பாதியும் பெற்றவன் ஒரு பாதியுமாக வைத்திருப்பது பழைய முறை; பாதிகள் இரண்டும் பொருந்தினாற் கணக்குச் சரி. வழக்கொழிந்த அக்குச்சிகளைப் பாராளுமன்றத்தின் அடுப்புகளில் அளவுக்குமீறி இட்டு எரித்தமையே தீக்குக் காரணமாயிற்று. இரு தரப்பாரும் ஆளுக்கொரு பாதி அளவைக் கையில் வைத்திருந்த காலத்தின் எச்சங்கள் எரிந்த இடத்திலேயே, இரு தரப்பாருக்கும் பொதுவாக ஒருவர் அளக்கும் காலத்தின் பெருங்கட்டடம் எழுந்தது எனலாம்.

சாள்ஸ் பாரியின் வடிவமைப்பு 1836இல் தெரிவு செய்யப்பட்டது. அதற்கு மதிப்பீடு தயாரித்தவர் ஹென்றி ஆதர் ஹன்ற் என்னும் அளவையாளர். அவர் கணித்த தொகை ஏழு இலட்சம் பவுணுக்குச் சற்று மேற்பட்டது. காலம் ஆறு ஆண்டுகள். 1840இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரபுக்கள் சபை 1847இலும் பொதுமக்கள் சபை 1852இலும் பாவனைக்கு வந்தன. பாரி 1860இல் இறந்தபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. செலவு இருபது இலட்சம் பவுணைக் கடந்தது. ஹன்றின் கணிப்பு அத்துணை மோசமானதா? அவ்வாறு முடிவுசெய்வது பொருந்தாது. அவர் அளந்தது 1836ஆம் ஆண்டின் வரைபடத்தை. எழுந்ததோ பாரி இடையறாது திருத்திக்கொண்டே சென்ற இன்னொரு கட்டடம். காற்றோட்ட ஏற்பாடுகளுக்காக நிகழ்ந்த நீண்ட பிணக்கும் அதனோடு சேர்ந்தது. மதிப்பீடு என்பது வரைபடத்தின் நிழல். பொருள் அசையும்போது நிழல் அசையாது நிற்பதில்லை. பொதுமக்களின் ஏச்சு எனினும் எண்ணைச் சொன்னவரையே முதலிற் சென்றடைகின்றது. இதனை இன்றைய அளவையாளர்களும் நன்கறிவர்.

அளவு பிழைத்தால் யார் பொறுப்பு என்னும் வினா விரைவிலேயே நீதிமன்றப் படியேறியது. 1866ஆம் ஆண்டின் ஸ்கிறிவனர் எதிர் பாஸ்க் என்ற வழக்கிலே, கட்டடக்கலைஞர் வழங்கிய கணியங்களை நம்பி ஒரு கட்டுநர் விலை கூறி ஒப்பந்தஞ் செய்தார். கணியங்கள் குறைவானவை எனப் பின்னர் தெரியவந்தது. மேலதிக வேலைக்குரிய பணத்தைச் சொந்தக்காரரிடம் பெற அவருக்கு உரிமையில்லை என நீதிமன்றம் தீர்த்தது. கணியங்கள் சரியானவை எனச் சொந்தக்காரர் உறுதிகூறவில்லை என்பதே காரணம். அவ்வாறாயின் பிழையாக அளந்தவரிடமாவது பெறலாமா? 1888ஆம் ஆண்டின் பிறீஸ்ற்லி எதிர் ஸ்ரோன் வழக்கில் அதற்கும் இடமில்லையெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அளவையாளரை நியமித்தவர் கட்டடக்கலைஞர். கட்டுநருக்கும் அளவையாளருக்குமிடையே ஒப்பந்தம் எதுவுமில்லை. அளவையாளரின் கூலியைத் தம் கணக்கினூடாகச் செலுத்தியவர் கட்டுநர். அளவையாளரின் பிழையையும் அவரே சுமந்தார்.

சட்டப் புத்தகம் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. வரலாற்று மாணவன் இன்னும் ஓர் அடி கீழே இறங்குதல் வேண்டும். நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்ட கட்டுநர், விடுபட்ட அளவின் நட்டத்தை எங்கே ஈடுசெய்வார்? செங்கல்லின் விலை அவர் கையில் இல்லை. மரத்தின் விலையும் இல்லை. அவர் கையில் இருந்தவை தொழிலாளியின் நேரமும் கூலியுமே. புதிய பாராளுமன்றக் கட்டடத்திலேயே 1841இற் கல் மேசன்கள் மேற்பார்வையாளர் ஒருவரின் கடுமையை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். 1859இல் ஒன்பது மணி நேர வேலைநாளைக் கோரி இலண்டன் கட்டடத் தொழிலாளர் போராடியபோது, முதலாளிகள் ஒன்றுசேர்ந்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு வாயிற்கதவை அடைத்தனர். 1861இல் நாட்கூலிக்குப் பதிலாக மணிக்கூலி புகுத்தப்பட்டது. இவையனைத்துக்கும் கணியப் பட்டியலே காரணமென்று சொல்வது மிகையாகும். ஆனால் வேலைக்கு முன்னரே தொகையைக் கட்டிவிடும் ஒப்பந்த முறையையும், மணிக்கணக்காக உழைப்பை அளக்கும் கூலி முறையையும் தனித்தனியே வைத்து விளங்கிக்கொள்ள இயலாது. சுவரை அளந்த சமூகம் சுவர் எழுப்பியவனின் நேரத்தையும் அளக்கத் தொடங்கிற்று.

1868இல் நிறுவப்பட்ட அளவையாளர் நிறுவகம் 1881இல் அரச பட்டயத்தைப் பெற்றது. காணிக்காரரின் ஆதிக்கம் மிகுந்த அந்நிறுவகத்திற் கட்டட அளவையாளர் முழு மனநிறைவு கொள்ளவில்லை; 1903இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கமொன்றை அமைத்தனர். 1922இல் அது தாய் நிறுவகத்தோடு இணைந்தது. இத்துறைக்கு 1922 ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. ஐரீன் பார்க்கிளே என்ற பெண்மணி பட்டய அளவையாளராகத் தகைமை பெற்ற முதற் பெண்ணானதும் அவ்வாண்டிலேதான். எல்லாவற்றிலும் முக்கியமாக, கட்டட வேலைகளுக்கான நியம அளவீட்டு முறையின் முதற் பதிப்பு அவ்வாண்டில் வெளிவந்தது.

அந்நூலை நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் விதிகளின் திரட்டாகவே பார்க்கின்றோம். உண்மையில் அஃது ஒரு சமாதான உடன்படிக்கை. அதனை ஆக்கிய குழுவில் அளவையாளரோடு கட்டட முதலாளிகளின் அமைப்புகளும் இடம்பெற்றன. எந்த வெற்றிடத்தைக் கழிப்பது, எதைக் கழியாது விடுவது, எவ்வேலையைத் தனியே கூறுவது, எதனை விலையிலே அடக்கிக்கொள்வது என்பன ஒவ்வொரு நகரத்தின் வழமைக்கும் ஒவ்வோர் அளவையாளரின் பழக்கத்துக்கும் விடப்பட்டிருந்த நிலை இதனாற் குறைந்தது. புகைபோக்கியின் வெற்றிடம் பற்றிய பழைய சச்சரவு இப்போது எழுத்தில் இடப்பட்ட ஒரு விதியாயிற்று. கணியங்கள் ஒப்பந்தத்தின் பகுதியாதல் வேண்டுமென்று கட்டுநர்கள் நெடுங்காலம் கோரி வந்தனர். 1930களில் வழக்கிலிருந்த நியம ஒப்பந்தப் படிவங்களில் அதற்கு வழி அமைந்திருந்தது. பட்டியலில் அளவு பிழைத்திருந்தால் அது திருத்தப்பட்டுப் பணம் கொடுக்கப்படும். ஸ்கிறிவனர் தோற்ற வழக்கை, அவர் தலைமுறைக்குப் பின் வந்தோர் நீதிமன்றத்திலன்றிப் பேச்சுவார்த்தை மேசையில் வென்றனர் எனக் கூறலாம்.

இலங்கைக்கு இத்துறை பிந்தியே வந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பொதுவேலைகள் திணைக்களத்தில் அளவு எடுத்தலும் மதிப்பிடுதலும் பொறியியலாளரும் ஓவசியர்மாரும் கவனித்த கருமங்கள். தனித் தகைமை பெற்ற கணிய அளவையாளர் சிலரே. அவர்களும் பிரித்தானிய நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதித் தேறியவர்கள். நிலைமையை மாற்றியது 1977இன் பின்னரான பொருளாதார மாற்றம். துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும், 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றமும், அக்காலத்து வீடமைப்புத் திட்டங்களும் பன்னாட்டு ஒப்பந்த முறைகளை இங்கு கொணர்ந்தன. இலங்கைக் கணிய அளவையாளர் நிறுவகம் 1983இல் தோன்றியது. கட்டிட வேலைகளின் அளவீட்டு முறைக்கு இலங்கைத் தரநிர்ணயம் 573 என்பது 1982இல் வகுக்கப்பட்டு 1999இல் திருத்தப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென ஒரு பட்டப்படிப்பும் எண்பதுகளில் வேரூன்றியது. ஒரு காலத்தில் ஆண்களின் துறையாகக் கருதப்பட்ட இதனை இன்று அங்கு பயில்வோருட் பெண்கள் கணிசமானோர்.

பட்டம் பெற்றோரிற் பலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அதனைக் குறைசொல்லும் உரிமை இக்கட்டுரையாளனுக்கு இல்லை. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. அங்கு செல்லும் நமது பட்டதாரி, சில வேளைகளில் ஒப்பந்தகாரரின் அலுவலகத்திலும் சில வேளைகளில் அவருக்கு எதிர்ப்புறத்திலுள்ள ஆலோசகரின் அலுவலகத்திலும் பணிபுரிகின்றான். அவன் எழுதும் எண்களின் மறுமுனையில் வெயிலில் நிற்பவனோ பெரும்பாலும் நமது பிராந்தியத்திலிருந்தே சென்ற தொழிலாளி. பட்டியலின் ஓர் உருப்படிக்கு இடப்படும் விலைக்குள் அத்தொழிலாளியின் மணிநேரமும் அடங்கியிருக்கின்றது. அஃது அங்கு தனி வரியாக எழுதப்படுவதில்லை.

இங்கிலாந்தின் அளவீட்டு விதிகள் 1968இலேயே மீற்றர் முறைக்கு மாறின. நமது பட்டியல்களும் கனமீற்றரிலேயே எழுதப்படுகின்றன. ஆயினும் மணல் மட்டும் இன்றும் 'கியூப்' கணக்கிலேயே விற்கப்படுகின்றது. நூறு கன அடி கொண்டது ஒரு கியூப். ஈரலிப்பான மணல், அதே மணல் உலர்ந்திருக்கும்போது கொள்ளும் இடத்திலும் கூடுதலான இடத்தைக் கொள்ளும். நான்கிலொரு பங்குவரை பொங்குவதும் உண்டு. வீடு கட்டத் தொடங்கிய குடும்பம் ஒன்றின் வாயிலில் லொறி வந்து நிற்கின்றது. பெட்டியினுள் ஒரு தடியைக் குத்திச் சாரதி ஆழத்தைக் காட்டுகின்றார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துத் தலையசைக்கின்றார். அங்கே அளப்பவரும் விற்பவரும் ஒருவரே.